வெட்டியவர் பெயர்: தமிழ்த் திரைப்படத் தொகுப்பாளரும் விருதுகளும்

சிவகாசியின் அச்சகங்கள் நாட்காட்டியையும் தீப்பெட்டி ஒட்டுத்தாளையும் பட்டாசுப் பெட்டியின் மேலுறையையும் மட்டும் அச்சிட்டு வளர்ந்தவை அல்ல. தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்த திரைப்படச் சுவரொட்டிகள் பலவும் இவ்வூர் இயந்திரங்களின் உருளைகளுக்கிடையே புகுந்து வெளிவந்தவையே. அச்சுவரொட்டிகளில் எழுத்தின் உயரமே ஒரு படிநிலையை வகுத்துவிடும். நாயகன் பெயர் முழக்கணக்கில் நிற்கும்; இயக்குநர் பெயர் சாண் அளவில் நிற்கும்; இசையமைப்பாளர், பாடலாசிரியர், ஒளிப்பதிவாளர் என்று எழுத்து இறங்கிக்கொண்டே வரும். 'எடிட்டிங்' என்ற சொல்லும் அதைத் தொடரும் பெயரும் விரற்கடை உயரத்தில், பெரும்பாலும் அடிவரியில், கலை இயக்கத்தோடும் சண்டைப் பயிற்சியோடும் நெருக்கியடித்துக் கொண்டிருக்கும். சுவரொட்டியைத் தின்ன வரும் ஆடு முதலில் கடிப்பதும் அந்த வரியைத்தான்.

அந்த அடிவரிப் பெயருக்கு உரியவர் யார், அவருக்கு நாடும் உலகும் எப்போது, எதற்காக, எவ்வாறு மரியாதை செய்தன என்பது தமிழ்த் திரைப்பட வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதி. நடிகருக்குக் கிடைத்த விருதுகளை மனப்பாடமாய்ச் சொல்வோர் ஊருக்கு நூறு பேர் உண்டு. தொகுப்பாளருக்குக் கிடைத்த விருதுகளைச் சொல்லக்கூடியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விருதுநகர் வட்டாரத்துக்கும் படச்சுருளுக்கும் வேறொரு உறவும் உண்டு. அது வேதியியல் வழி வந்த உறவு. திரைப்படம் தோன்றிய நாள் முதல் 1950களின் தொடக்கம் வரை படச்சுருளின் அடித்தளம் நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்துப் பெறப்படும் வெடிபஞ்சும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. எளிதில் பற்றும், பற்றினால் நீரூற்றினாலும் அணையாது. இந்தியாவில் அத்தகைய படச்சுருளைச் சேமித்து வைக்கவும் கொண்டு செல்லவும் 1948இல் வகுக்கப்பட்ட விதிகள் வெடிபொருள் துறையின் பொறுப்பில் இருந்தன. பட்டாசுத் தொழிற்சாலை உரிமத்துக்காகச் சிவகாசிக்காரர்கள் நாக்பூரை நோக்கியிருந்தார்களே, அதே துறைதான். தீக்குச்சியுடன் நுழையக் கூடாத அறைகளாக அக்காலத்தில் இரண்டைச் சொல்லலாம்: ஒன்று பட்டாசு ஆலையின் மருந்து அறை, மற்றொன்று படத்தொகுப்பு அறை.

அந்த இரண்டாவது அறையில் நடந்தது என்ன? 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி நீளம், 2,16,000 சட்டங்கள். இது முடிந்த படத்தின் கணக்கு. படப்பிடிப்பில் எடுத்தது இதைப்போல் பல மடங்கு. ஒரே வசனத்தை நான்கு முறை, ஐந்து முறை, தூரத்திலிருந்து ஒருமுறை, அருகிலிருந்து ஒருமுறை என்று எடுத்துக் குவித்த சுருள்களைக் கழுவி, அச்செடுத்து, 'ரஷ்' என்ற பெயரில் தொகுப்பாளரிடம் கொண்டுவந்து போடுவார்கள். 1924இல் ஐவன் செருரியர் உருவாக்கிய மூவியோலா என்னும் கருவியின் சிறு கண்ணாடியில் கண்ணைப் பதித்து, காலால் விசையை மிதித்து ஓட்டி, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, ஒரு சட்டத்தின் மேல் மெழுகுப் பென்சிலால் கோடிட்டு அங்கே வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகள் துணி விரித்த தொட்டியின் மேல் கொக்கிகளில் தொங்கும். ஒவ்வொரு துண்டுக்கும் சுருளின் ஓரத்தில் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டுதான் பின்னர் மூல நெகடிவை வெட்டுவார்கள். அச்சுப் பிரதியில் தவறாக வெட்டினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். நெகடிவில் தவறாக வெட்டினால் அச்சட்டம் போனது போனதுதான்.

இதெல்லாம் கைத்தொழில். இதற்குள் இருக்கும் கலை, எங்கே வெட்டுவது என்ற முடிவில் இருக்கிறது. ஒருவர் பேசும்போது பேசுபவர் முகத்தைக் காட்டுவதா, கேட்பவர் முகத்தைக் காட்டுவதா? அழுகையை எவ்வளவு நேரம் பார்க்க விடுவது? கதவு திறக்கும்போது அடுத்த காட்சிக்குப் போவதா, திறந்த பின் வரும் வெறுமையைச் சற்றே தங்க விடுவதா? ஒரு சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாகவே விடுவதா என்று கவிஞர் தவிக்கும் தவிப்பும் இதுவும் ஒரே வகையின. ஒரு வேறுபாடு உண்டு. கவிஞர் அடிப்பது தம் சொல்லை. தொகுப்பாளர் அடிப்பது பிறர் உழைப்பை. விடியற்காலை மூன்று மணிக்கு மலையேறி எடுத்த காட்சியை, கதைக்கு வேண்டாதது என்று இரக்கமின்றித் தள்ளிவிடுகிறவர் அவர்.

தள்ளப்பட்ட துண்டுகளுக்கும், திரையரங்கில் அறுந்து ஆபரேட்டர் கத்தரித்து எறிந்த துண்டுகளுக்கும் சிற்றூர்களில் ஒரு மறுவாழ்வு இருந்தது. தீப்பெட்டிப் படம் சேர்த்த அதே கைகள் 'ஃபிலிம்' துண்டும் சேர்த்தன. கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, ஒரு லென்ஸின் வழியே சுவரில் வீழ்த்தினால் எம்.ஜி.ஆர். தெரிவார். விருதுநகரில் பிறந்த வசந்தபாலன் இயக்கிய 'வெயில்' (2006) இந்த உலகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. திரைப்படத்தின் மீதான ஆசையால் வீட்டை இழந்து திரையரங்கின் படமோட்டும் அறையில் வாழ்க்கையைக் கழிக்கும் ஒருவனின் கதை. 54ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாகி, கான் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது. சிறந்த படத்துக்கான விருது தயாரிப்பாளர் பெயரிலும் இயக்குநர் பெயரிலும் வழங்கப்படுவது. அப்படத்தைத் தொகுத்த மதன் குணதேவாவின் பெயர் சுவரொட்டியின் அடிவரியோடு நின்றது. படச்சுருளின் துண்டுகளையே நினைவாகக் கொண்ட ஒரு படத்துக்கு நேர்ந்தது இது.

பெயர் மறைவது பிறரால் மட்டும் நேர்வதன்று. தாமே மறைத்துக்கொண்டதும் உண்டு. 1952 தீபாவளிக்கு வெளிவந்த 'பராசக்தி'யை இயக்கியவர்கள் கிருஷ்ணன், பஞ்சு இரட்டையர். மு. கருணாநிதியின் வசனமும் சிவாஜி கணேசனின் முதல் தோற்றமும் அப்படத்தைப் பற்றிய பேச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டன. படத்தொகுப்பு என்ற இடத்தில் 'பஞ்சாபி' என்றொரு பெயர் வருகிறது. அப்பெயருக்குரியவர் வேறு யாருமல்லர்; இயக்குநர் பஞ்சுவே தாம். இயக்குநர் என்ற பெயரோடு தொகுப்பாளர் என்ற பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள அவர் கூச்சப்பட்டாரா, வேடிக்கையாகச் செய்தாரா என்பது நம் ஊகத்துக்கு உரியது. அமெரிக்காவில் கோயன் சகோதரர்கள் தம் படங்களைத் தாமே தொகுத்துவிட்டு 'ராட்ரிக் ஜெய்ன்ஸ்' என்ற இல்லாத மனிதரின் பெயரைப் போட்டதும், அந்த இல்லாத மனிதர் 'ஃபார்கோ'வுக்காகவும் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' படத்துக்காகவும் இருமுறை ஆஸ்கர் பரிந்துரை பெற்றதும் பின்னாளில் உலகமறிந்த செய்தியாயின. தமிழில் அது பல்லாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. பரிந்துரைக்கத்தான் அப்போது விருதில்லை.

கிருஷ்ணன், பஞ்சுவிடம் உதவித் தொகுப்பாளராகச் சேர்ந்து தொழில் கற்றவர் ஏ. பீம்சிங். 'பாகப்பிரிவினை', 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்' என்று 'பா' வரிசைப் படங்களால் வீடுதோறும் அறியப்பட்ட இயக்குநர். அவருடைய படங்களில் உணர்ச்சி கரைபுரள்கிறது என்று குறை சொல்வோர் உண்டு. அந்த வெள்ளத்துக்குக் கரை கட்டியது தொகுப்பறையில் பெற்ற பயிற்சி என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. கே. சங்கரும் தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவரே. அக்காலத் தமிழ்த் திரையுலகில் தொகுப்பறை ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. அதில் படித்துத் தேறியவர்கள் இயக்குநர் ஆனார்கள். அங்கேயே இருந்துவிட்டவர்கள் பெயரற்றுப் போனார்கள். 'சந்திரலேகா'வின் (1948) முரசு நடனத்தைச் சொல்லாத திரைப்பட வரலாறு இல்லை. வாசன் பெயர் சொல்லப்படும். அந்த முரசுகளையும் கால்களையும் ஆயிரக்கணக்கான அடிகளிலிருந்து பொறுக்கிக் கோத்த சந்துரு என்ற தொகுப்பாளரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியாவில் அரசின் திரைப்பட விருதுகள் 1953ஆம் ஆண்டுப் படங்களுக்காக 1954இல் தொடங்கின. தொடக்கத்தில் அவை படத்துக்கு மட்டுமே உரியவை. 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து நடிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, இசை, பின்னணிப் பாடல் என்று தனி மனிதர்க்கும் விருதுகள் வந்தன. அடுத்த ஆண்டே பாடலாசிரியருக்கும் வந்தது. முதல் விருதைப் பெற்றவர் 'குழந்தைக்காக' படத்துக்காகக் கண்ணதாசன். கவிஞருக்கு இடம் கிடைத்த அந்த அவையில் தொகுப்பாளருக்கு நாற்காலி போட 1970களின் பாதி கடக்க வேண்டியிருந்தது. பாடியவர், பாட்டெழுதியவர், படம் பிடித்தவர் எல்லாரும் உள்ளே அமர்ந்த பிறகே, அவர்கள் செய்தவற்றையெல்லாம் ஒன்றாகக் கோத்தவர் வாசலிலிருந்து அழைக்கப்பட்டார்.

ஹாலிவுட்டிலும் தொகுப்பாளர் முதல் பந்தியில் உட்காரவில்லை. 1929இல் தொடங்கிய ஆஸ்கரில், ஏழாவது முறை வழங்கியபோதுதான் தொகுப்புக்கென்று ஒரு பிரிவு சேர்ந்தது. 'எஸ்கிமோ' படத்துக்காகக் கான்ராட் நெர்விக் அதை முதலில் பெற்றார். ஊமைப்பட நாட்களில் அங்கே வெட்டும் வேலை பெண்களிடம் நிறையவே இருந்தது. தையல் வேலை போன்ற ஒன்று என்று எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள். சிசில் பி. டெமிலின் படங்களைப் பல பத்தாண்டுகள் தொகுத்த ஆன் பௌச்சென்ஸ், 1940ஆம் ஆண்டுப் படமொன்றுக்காக அப்பிரிவில் விருது பெற்ற முதல் பெண் ஆனார்.

காலதாமதத்துக்குக் காரணம் வெறும் அலட்சியம் மட்டுமன்று. இக்கலையின் இயல்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல வெட்டு கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் பெரும்பாலும் அது நல்ல வெட்டு அன்று. நடுவர் குழுவின் முன் ஓடுவது முடிந்த படம். எடுத்துக் குவித்தது என்ன, தள்ளியது என்ன, சொதப்பலான நடிப்பு எத்தனை இடங்களில் காப்பாற்றப்பட்டது என்பதை அவர்கள் காண வழியில்லை. ஆகவே வெட்டு எங்கே துள்ளித் தெரிகிறதோ அங்கே விருது போய்ச் சேர்வது இயல்பாகிவிடுகிறது. ஆஸ்கரில் 1981 முதல் 2013 வரை சிறந்த படம் என்ற விருதைப் பெற்ற ஒவ்வொரு படமும் தொகுப்புக்கான பரிந்துரையையும் பெற்றிருந்தது. அந்தச் சங்கிலியை 2014ஆம் ஆண்டின் 'பேர்ட்மேன்' அறுத்தது. வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது போன்ற தோற்றத்தை உண்டாக்க, வெட்டுகளை இருளிலும் சுவரிலும் ஒளித்து ஒட்டிய படம் அது. ஒளித்தது நன்றாகவே ஒளிந்துவிட்டது, பரிந்துரை வரவில்லை.

தமிழில் இதற்கு நேரான சான்று பீம்சிங்கின் மகன் பி. லெனினின் வாழ்க்கை. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) அவர் தொகுத்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து முளைத்த அந்தப் படத்தில் மௌனம் பேசப்பட்ட அளவுக்கு அந்த மௌனத்தை அளந்து வைத்த கை பேசப்படவில்லை. ஆற்றங்கரையில் முடியும் இறுதிக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். ஊர் நிற்கிறது, ஒருவன் நீரில் இறங்குகிறான், பிள்ளைகள் இருவர் எஞ்சுகின்றனர். அங்கே ஒரு முகத்தில் இரண்டு நொடி கூடுதலாகத் தங்கியிருந்தால் அது மிகையாகியிருக்கும். இரண்டு நொடி குறைந்திருந்தால் வெறும் தண்டனைக் காட்சியாகியிருக்கும். அந்த ஆண்டுக்கான தேசியத் தொகுப்பு விருது மிருணாள் சென்னின் 'ஏக் தின் பிரதிதின்' படத்துக்காகக் கங்காதர் நஸ்கருக்குச் சென்றது. தகுதியற்ற கைக்குப் போனது என்று சொல்லிவிட முடியாது. எனினும் லெனினுக்கு வந்திருக்க வேண்டிய ஆண்டு அது என்று சொல்வதில் பிழையில்லை.

பின்னர் வி. டி. விஜயனுடன் இணைந்து அவர் தொகுத்த 'நாயகன்' (1987) மூன்று தேசிய விருதுகளைப் பெற்றது. நடிப்புக்குக் கமல்ஹாசன், ஒளிப்பதிவுக்குப் பி. சி. ஸ்ரீராம், கலை இயக்கத்துக்குத் தோட்டா தரணி. ஒரு மனிதனின் சிறுவயது முதல் முதுமை வரை பல பத்தாண்டுகளை இரண்டரை மணி நேரத்துக்குள், எங்கும் தாவல் தெரியாமல் நடத்திச் சென்ற கத்தரி மட்டும் பட்டியலில் இல்லை. இருவருக்கும் விருது வந்தது 1994ஆம் ஆண்டுப் படமான 'காதலன்' வழியே. பிரபுதேவாவின் கால்களுக்கும் ரஹ்மானின் தாளத்துக்கும் ஈடுகொடுத்துச் சட்டம் சட்டமாய் நறுக்கப்பட்ட பாடல்கள். ஆடுபவன் உடல் மறைந்து உடைகள் மட்டும் ஆடும் தந்திரக் காட்சி. அதே படத்துக்கு ஒலிப்பதிவுக்கும் சிறப்புக் காட்சிகளுக்கும் விருது கிடைத்தது. அந்த உழைப்பு சிறிதன்று. தாளத்துக்கு வெட்டுவது எளிதும் அன்று. ஆனாலும் 'உதிரிப்பூக்க'ளின் தொகுப்பாளரை நாடு 'காதலன்' வழியாகத்தான் கண்டுகொண்டது என்பது சிந்திக்கத்தக்கது.

லெனின் விருதுக்காகக் காத்திருந்தவரும் அல்லர். 'நாக் அவுட்' (1992) என்ற குறும்படத்தை இயக்கித் தேசிய விருது பெற்றார். ஜெயகாந்தனின் 'ஊருக்கு நூறு பேர்' நாவலைப் படமாக்கி 2001ஆம் ஆண்டின் சிறந்த இயக்குநர் ஆனார். தந்தை பீம்சிங் 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' என ஜெயகாந்தனைத் தம் இறுதி ஆண்டுகளில் திரைக்குக் கொண்டுவந்தார். மகனும் அதே எழுத்தாளரிடம் வந்து சேர்ந்தார். தொகுப்பறையில் வளர்ந்த இருவரும் இலக்கியத்தை நாடியது தற்செயல் போலத் தோன்றவில்லை.

1995ஆம் ஆண்டுக்குச் சுரேஷ் அர்ஸ் 'பம்பாய்' படத்துக்காக விருது பெற்றார். அதற்குள் தொழிலே மாறத் தொடங்கிவிட்டது. 1994இல் வந்த 'மகாநதி', கணினி வழியே தொகுக்கும் 'அவிட்' முறையை இந்தியாவில் முதலில் பயன்படுத்திய படம் என்பர். சில ஆண்டுகளில் மூவியோலாக்கள் மூலைக்குப் போயின. நெகடிவில் விழும் தவறான வெட்டைப் பற்றிய அச்சம் போயிற்று. அந்த அச்சம் கற்றுக்கொடுத்த நிதானமும் சிலரிடம் கூடவே போயிற்று என்று மூத்தோர் வருந்துவதில் ஓரளவு உண்மை உண்டு.

அந்த நிதானம் போகாதவர்களில் முதன்மையானவர் ஏ. ஸ்ரீகர் பிரசாத். தொகுப்பாளரும் இயக்குநருமான அக்கினேனி சஞ்சீவியின் மகன். இலக்கியம் படித்துவிட்டுத் தந்தையின் மேசைக்கு வந்தவர். இந்தியில் 'ராக்', அசாமியத்தில் 'ராக் பிராக்', மலையாளத்தில் 'வானப்பிரஸ்தம்', தமிழில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்று மொழி மொழியாய் அவரைத் தேடி விருது வந்தது. 2020ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் 'சிவரஞ்சினியும் இன்னும் சில பெண்களும்' படத்துக்காக மீண்டும் வந்தது; அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகியோரின் சிறுகதைகளை வஸந்த் படமாக்கியது அது. சமையலறையில் ஒரு பெண் நிற்கும் நேரத்தை அதன் முழு நீளத்தில் விட்டுவைக்கும் அந்தப் படத்துக்கு நடுவர்கள் தொகுப்பு விருது அளித்ததை, வெட்டாத இடத்தையும் காணும் கண் அவையில் உண்டு என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

விருது யாருக்கு என்பதோடு, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதும் மரியாதையின் அளவைக் காட்டும். 2022 ஆஸ்கர் விழாவில் தொகுப்பு உள்ளிட்ட எட்டுப் பிரிவுகளின் விருதுகள் நேரடி ஒளிபரப்புக்கு முன்பே அரங்கில் கொடுத்து முடிக்கப்பட்டன. பிறகு அக்காட்சிகள் கத்தரித்து ஒளிபரப்பினுள் ஒட்டப்பட்டன. தொகுப்பாளருக்கு விருது கொடுக்கும் காட்சியையே தொகுத்துவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்து அடுத்த ஆண்டு பழைய முறை திரும்பிற்று. தில்லியில் 2018இல் குடியரசுத் தலைவர் 11 விருதுகளை மட்டும் கையளிப்பார், மற்றவற்றை அமைச்சர்கள் அளிப்பர் என்று அறிவிக்கப்பட்டபோது, விருது பெற்றோரில் பலர் விழாவுக்கே வரவில்லை. அவ்வாண்டுத் தொகுப்பு விருது 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' என்ற அசாமியப் படத்தைத் தாமே எழுதி, எடுத்து, இயக்கி, தொகுத்த ரீமா தாசுக்கு. புனைபெயர் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டு அரசின் விருதுகளிலோ 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டுகளுக்கு உரியவை 2017இல் ஒருசேர அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் மேடையில் வழங்கப்பட்டன.

சின்னத்திரைத் தொகுப்பாளர் நிலை இன்னும் கடினம். அன்றன்று எடுத்ததை இரவோடிரவாக வெட்டி மறுநாள் ஒளிபரப்புக்கு அனுப்புகிறவர் அவர். தொலைக்காட்சி நிறுவனங்கள் நடத்தும் விழாக்களில் சிறந்த மாமியாருக்கு விருதுண்டு, சிறந்த மருமகளுக்கும் உண்டு. இருவருக்கும் இடையிலான பார்வையை மும்முறை மும்முறை வெட்டி ஓட்டிச் சண்டையை மூட்டிவிட்டவரை மேடையில் காண்பது அரிது. அமெரிக்கத் தொகுப்பாளர்கள் 1950இல் தமக்கென்று ஒரு கழகம் கண்டு, பின்னர் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் தம் தொழிலாளரைத் தாமே தேர்ந்து விருதளிக்கத் தொடங்கினர். மேசையில் அமர்ந்தவனின் வேலையை மேசையில் அமர்ந்தவனே எடைபோடும் முறை அது. இங்கே அவ்வழி இன்னும் வலுப்பெறவில்லை.

இத்தனைக்கும் நடுவில் 2010 முதல் 2015 வரையிலான ஆறு ஆண்டுகள் தமிழ்த் தொகுப்பாளர்களுக்கு ஒரு பொற்காலம் எனலாம். அந்த ஆறு ஆண்டுகளின் தேசியத் தொகுப்பு விருதுகளில் ஐந்து தமிழ்ப் படங்களுக்கு வந்தன. 'ஆடுகள'த்துக்காகக் கிஷோர், 'ஆரண்ய காண்ட'த்துக்காகப் பிரவீன், 'வல்லின'த்துக்காகச் சாபு ஜோசப், 'ஜிகர்தண்டா'வுக்காக விவேக் ஹர்ஷன், 'விசாரணை'க்காக மீண்டும் கிஷோர். இடையில் ஓர் ஆண்டு மட்டும் இந்திப் படமான 'கஹானி'க்காக நம்ரதா ராவ் பெற்றார். தமிழ் நடிகர்கள் பெற்ற விருதுகளுக்காக ஊர் முழுக்கப் பதாகை கட்டிய அந்த ஆண்டுகளில் இந்தத் தொடர்வெற்றிக்குப் பட்டாசு வெடித்தவர் எவருமில்லை.

ஐவரில், கிஷோரின் கதை தனியே சொல்லத்தக்கது. லெனின், விஜயன் இருவரிடமும் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் அவர். ஆக, பஞ்சுவிடமிருந்து பீம்சிங்குக்கு, பீம்சிங்கிடமிருந்து லெனினுக்கு, லெனினிடமிருந்து கிஷோருக்கு என்று ஒரே மேசையின் வழியே நான்கு தலைமுறை வருகிறது. விருதுப் பட்டியல்கள் காட்டாத மரபுவழி இது. 2009இல் 'ஈரம்' படத்தின் மூலம் தனித்து அறிமுகமான அவர், அடுத்து வந்த 'ஆடுகள'த்திலேயே தேசிய விருதைத் தொட்டார். சேவற்சண்டைகளின் சுழற்சி அங்கே கண்ணை ஈர்த்தது உண்மை. ஆனால் அப்படத்தின் உண்மையான வெட்டு, பேட்டைக்காரர் தம் சீடன் வெல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகத்துக்குத் திரும்பித் திரும்பிப் போகும் இடங்களில் இருக்கிறது. பொறாமை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே பொறாமை அங்கே வளர்கிறது.

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் 'விசாரணை'யை எடுத்தார். குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளர்களைக் காவல் நிலையத்தில் அடிக்கும் காட்சிகள் அதில் உள்ளன. அத்தகைய காட்சியில் தொகுப்பாளருக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு: அடியை நறுக்கி நறுக்கி வேகமாகக் காட்டிப் பரபரப்பாக்குவது, அல்லது முகம் திருப்பிக்கொள்ள வேறொரு காட்சிக்கு வெட்டுவது. கிஷோர் இரண்டையும் செய்யவில்லை. பார்ப்பவர் விலகிப்போக விரும்பும் நொடியையும் தாண்டிச் சட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். அடிபடுகிறவனுக்கு அந்த அறையிலிருந்து வெளியேற வழியில்லை, பார்ப்பவருக்கும் இல்லை. 'காதலன்' விருது வெட்டிய வேகத்துக்குக் கிடைத்தது என்றால், இது வெட்டாமல் பொறுத்த கைக்குக் கிடைத்தது.

அந்தப் படத்தின் தொகுப்பு வேலையின்போதுதான் அவர் மயங்கி விழுந்தார். மூளையில் இரத்தம் உறைந்திருந்தது. 2015 மார்ச் 6ஆம் நாள், 36 வயதில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் 'விசாரணை' வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. 2016 பிப்ரவரியில் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. மார்ச் 28ஆம் நாள் 63ஆவது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது சிறந்த தமிழ்ப் படம், சிறந்த துணை நடிகர் ஆகியவற்றோடு சிறந்த தொகுப்பாளர் என்று கிஷோரின் பெயரும் வாசிக்கப்பட்டது. அவர் மறைந்து ஓராண்டும் இருபத்திரண்டு நாட்களும் கடந்திருந்தன.